பேரரசன் இல்லாத நோய்

சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' 2010இல் வெளிவந்து அடுத்த ஆண்டே புலிட்சர் விருது பெற்றது. புற்றுநோயைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்று யாராவது கேட்டால் நானும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். இருந்தாலும் அதோடு எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. அது அட்டையிலேயே தொடங்குகிறது. நோய்களுக்கெல்லாம் பேரரசன் என்கிறது தலைப்பு. அந்நோயின் வாழ்க்கை வரலாறு என்கிறது துணைத்தலைப்பு. பேரரசன் என்றால் அவனுக்கு ஆசை இருக்கும், திட்டம் இருக்கும், படை இருக்கும். வாழ்க்கை வரலாறு எழுத வேண்டுமென்றால் அங்கே ஒரு மனம் இருந்தாக வேண்டும். ஆனால் புத்தகத்தின் பிற்பகுதியில் முகர்ஜியே விளக்கும் விஞ்ஞானம், அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்கிறது. டைரோசின் கைனேஸ் என்ற நொதிகளைப் பற்றிய பக்கங்களில்தான் இந்த முரண் துலக்கமாகத் தெரிகிறது. அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் மதிப்பிடலாம் என்பது என் எண்ணம்.

முகர்ஜியின் பலம் கதை சொல்வதில் இருக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிய பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அவரோடு கைகோத்து அரசாங்கத்தை அசைத்த மேரி லாஸ்கர், அளவுக்கு மீறி வெட்டிய அறுவை மருத்துவர்கள், நச்சு மருந்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர்கள் என்று பாத்திரங்கள் வரிசையாக வந்து போகிறார்கள். முதல் பாதி முழுக்கவும் போர். அங்கே போர் என்ற சொல் வெறும் அலங்காரமும் அல்ல. 1971இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தை அமெரிக்கா போர்ப் பிரகடனமாகத்தான் எடுத்துக்கொண்டது.

போர் என்றால் எதிரி வேண்டும். எதிரி வெளியிலிருந்து வந்தால் வசதி. கொஞ்ச காலம் வைரஸ் அந்த வேடத்துக்குப் பொருந்தியது. 1911இல் நியூயார்க்கில் பெய்ட்டன் ரவுஸ் கோழிக்குக் கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு அவரைத் தேடி வர 55 வருடம் ஆனது, அது வேறு கதை. அந்த வைரஸில் கட்டியை உண்டாக்கும் மரபணுவுக்கு 'சார்க்' என்று பெயர். 1976இல் மைக்கேல் பிஷப்பும் ஹெரால்டு வார்மஸும் தம் குழுவினரோடு சேர்ந்து அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். அது வைரஸின் சொந்தச் சொத்தே அல்ல. நோயில்லாத கோழியின் செல்லிலேயே அது இருந்தது. வைரஸ் எப்போதோ அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எதிரியின் பையைச் சோதனை போட்டால் உள்ளே இருந்தது நம் வீட்டுச் சாமான். புத்தகத்தின் ஐந்தாம் பகுதி முழுக்கவும் இந்தத் திருப்பத்தைப் பற்றியது. முகர்ஜி மிகச் சிறப்பாக எழுதியிருக்கும் பகுதியும் அதுதான்.

சரி, இந்த சார்க் என்னதான் செய்கிறது? அது உண்டாக்கும் புரதம் ஒரு கைனேஸ். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. புரதங்களில் செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின்மேல்தான் இப்படி பாஸ்பேட் ஏறும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். 1979இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் டோனி ஹண்டர் மூன்றாவதாக ஒன்றைக் கண்டார். டைரோசின். புதிதாகக் கரைசல் தயாரிக்காமல் பழையதையே அவர் பயன்படுத்தியதில் அதன் அமிலத்தன்மை கொஞ்சம் மாறியிருந்தது. வழக்கமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கும் இரண்டு தடயங்கள் அன்று தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. சார்க் இந்த டைரோசினைத்தான் தொடுகிறது என்பதும் விரைவிலேயே உறுதியானது.

முகர்ஜி கைனேஸை சுவிட்ச் என்கிறார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ் வாசகரிடம் இன்னும் நெருக்கமான உவமை ஒன்று இருக்கிறது. புள்ளி. 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்'. எழுத்தின் உடம்பு அதேதான், வாசிப்பு வேறு. டைரோசின்மேல் பாஸ்பேட் ஏறும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். புள்ளி வைப்பது கைனேஸ். அழிப்பது பாஸ்படேஸ் என்ற வேறொரு நொதி. இயல்பான செல்லில் உள்ள பாஸ்பேட் புள்ளிகளில் டைரோசின்மேல் இருப்பவை பத்தாயிரத்துக்கு ஐந்து என்ற அளவில்தான். மனித மரபணுத் தொகுதியில் டைரோசின் கைனேஸ்கள் மொத்தமே 90. இவ்வளவு சிக்கனமாகப் புழங்கும் புள்ளி, இடம் தவறினாலும் எண்ணிக்கை கூடினாலும் வாக்கியமே குலைந்துவிடும்.

அந்த வாக்கியம் எப்படிப் போகிறது என்பது தோட்டத்துப் பெரட்டை அறிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். வளர்ச்சிக் காரணி என்ற செய்தி செல்லுக்கு வெளியே வந்து நிற்கிறது. செல்லின் மேற்சவ்வில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டாக இணைகின்றன. இணைந்ததும் ஒன்று மற்றதன் உள்வாலில் உள்ள டைரோசின்களின்மேல் புள்ளி வைக்கிறது. புள்ளியைக் கண்டதும் உள்ளே திரியும் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை 'ராஸ்' என்ற புரதத்தை எழுப்ப, ராஸ் அடுத்ததை எழுப்ப, கடைசியில் கட்டளை உட்கருவுக்குப் போய்ச் சேர்கிறது: இரண்டாகப் பிரி. துரை கிராணியிடம், கிராணி மண்டோரிடம், மண்டோர் ஆளிடம். ஆளுக்குத் துரை முகம் தெரியாது, தெரியவும் வேண்டாம். வேலை முடிந்ததும் புள்ளிகள் அழிக்கப்படும், ஏற்பிகள் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், செல் அமைதியாகும்.

இனி நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். 1960இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். ஊர்ப் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆயிற்று. அது ஏன் சிறுத்தது என்று கண்டவர் சிகாகோவின் ஜேனட் ரவ்லி. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் படங்களை வெட்டிவைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருந்தன. 1973இல் இதை வெளியிட்டார். இந்த மாற்றத்தால் 'ஏபிஎல்' என்ற டைரோசின் கைனேஸ் மரபணு 'பிசிஆர்' என்ற வேறொரு மரபணுவோடு ஒட்டிப்போகிறது. ஏபிஎல் புரதத்தில் தன்னைத் தானே அடக்கி வைக்கும் ஒரு பகுதி உண்டு. ஒட்டும்போது அது தொலைகிறது. கூடவே பிசிஆர் பகுதி இவற்றைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துவைத்து ஒன்றையொன்று தூண்டச் செய்கிறது. விளைவு, யாரும் செய்தி அனுப்பாமலேயே ஓயாமல் புள்ளி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கைனேஸ். பெரட்டு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே பேரரசன் யார்? கலகக்காரன் யார்? அந்த வெள்ளை அணு யாரையும் எதிர்க்கவில்லை. தனக்கு வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. அதைவிட விசுவாசமான தொழிலாளி உடம்பில் கிடையாது. கோளாறு கீழ்ப்படிவதில் இல்லை, கட்டளை முடியாததில் இருக்கிறது. கீழ்ப்படிதலே நோயாகும் இந்தப் பயங்கரத்தை முகர்ஜி விஞ்ஞானமாகச் சொல்கிறார். ஆனால் அதற்கேற்ற மொழியை அவர் தேடவில்லை. அத்தியாயம் முடிந்ததும் திரும்பவும் எதிரி, வியூகம், தந்திரம் என்று பழைய சொற்களுக்கே போய்விடுகிறார்.

உருவகத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கிள்ளானில் ஒரு வாசகர் சந்திப்பில் இந்தப் புத்தகத்தைப் பேசினோம். வந்திருந்தவர்களில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வயர்மேன், ஒன்பது வருடமாக இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எல்லாரும் பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, புஸ்தகம் நல்லாதான் இருக்கும்போல. ஆனா என்னமோ ராஜா, படை, சண்டைன்னு பேசிக்கிறீங்க. எனக்கு டாக்டர் அப்படிச் சொல்லலையே. உள்ள ஒரு சுவிட்ச் ஒட்டிக்கிச்சி, ஆஃப் ஆவ மாட்டேங்குது, இந்த மாத்திரை அத அமுக்கிப் புடிச்சிக்கிதுன்னாரு. அது எனக்குப் புரிஞ்சிச்சி. உள்ள ஒரு ராஜா உக்காந்திருக்கான்னா நான் ராத்திரிக்கி எப்படித் தம்பி தூங்குறது?"

அன்று அந்தப் புத்தகத்தைப் பற்றி வந்த சிறந்த விமர்சனம் அதுதான்.

1978இல் சூசன் சொன்டாக் நோயின்மேல் உருவகங்களைச் சுமத்தாதீர்கள் என்று ஒரு நூலே எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உருவகம் இல்லாமல் கைனேஸைப் பேசவே முடியாது. சமிக்ஞை என்பதே உருவகம்தான். கட்டளை, ஏற்பி, சுவிட்ச், நான் மேலே சொன்ன புள்ளி, பெரட்டு எல்லாமே அப்படித்தான். எந்த உருவகம் யாருக்கு மனம் கொடுக்கிறது என்பதே கேள்வி. பேரரசன் என்ற உருவகம் நோய்க்கு மனம் கொடுக்கிறது. அப்புறம் பிழைக்காதவன் தோற்றவன் ஆகிறான். புற்றுநோயுடன் போராடித் தோற்றார் என்று நம் பத்திரிகைகளின் இரங்கல் செய்திகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அவர் என்ன சரியாகப் போராடவில்லையா?

இனி மருந்தின் கதை. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் முதலியோர் கைனேஸ்களின் ஏடிபி குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அவற்றில் ஒன்று இந்த ரத்தப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது, இயல்பான செல்களை விட்டுவிடுகிறது என்று காட்டினார். 1996இல் அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே வரும் நோய், இதில் என்ன லாபம் என்று தயங்கினார்கள். 1998இல் சோதனை தொடங்கியது. 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு இமாடினிப்புக்கு அனுமதி தந்தது. அந்த மாதமே 'டைம்' இதழ் மாத்திரைகளை அட்டையில் போட்டுத் தோட்டாக்கள் என்று வர்ணித்தது. மறுபடியும் போர்!

முகர்ஜி இதை ஒரு தனி மனிதனின் விடாமுயற்சிக் கதையாகச் சொல்கிறார். அத்தியாயத்துக்கு நான்கு நிமிட மைல் ஓட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார். ஒருவர் எல்லையைத் தாண்டிவிட்டால் மற்றவர்களும் தாண்டுவார்கள் என்பது பொருள். படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் 2013இல் வந்த ஜெசிகா வாப்னரின் 'தி பிலடெல்பியா குரோமோசோம்' நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விறுவிறுப்புக்குக் கொடுத்த விலை தெரிகிறது. வாப்னரின் நடை சாதாரணம். முகர்ஜியின் வாக்கிய அழகு அவரிடம் கிடையாது. ஆனால் அவரிடம் நோயாளிகள் கூட்டமாக வருகிறார்கள். 1999இல் மாண்ட்ரியாலைச் சேர்ந்த ஒரு பெண் நோயாளி, மருந்தை அதிகமாகத் தயாரிக்கச் சொல்லி 3000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளை இணையம்வழி திரட்டி நிறுவனத் தலைவருக்கு அனுப்பியதை அவர் சொல்கிறார். மருந்து யாரோ ஒரு வீரன் கொண்டுவந்த அமுதமல்ல, பலபேர் கேட்டு வாங்கியது என்பது அங்கேதான் புரிகிறது.

முகர்ஜிக்கு நியாயம் செய்ய வேண்டும். அடுத்த அத்தியாயத்திலேயே அவர் தன் வெற்றிக் கதையைக் கீறிப் பார்க்கிறார். சார்ல்ஸ் சாயர்ஸின் குழு 2001இல் காட்டியது இது: மருந்து வேலை செய்யாமல் போன நோயாளிகள் சிலரிடம் அந்தக் கைனேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. 315ஆம் இடத்தில் திரியோனின் இருக்க வேண்டும், ஐசோலூசின் வந்துவிட்டது. அது வாசலை மறித்து மருந்தை உள்ளே விடுவதில்லை. பிறகு இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை மருந்துகள் வந்தன. நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய பந்தயம் என்று முகர்ஜி இதை வர்ணிப்பது பொருத்தமானது. ஆனால் அவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இந்த ரத்தப் புற்றுநோய் ஒரு விதிவிலக்கு. ஏறத்தாழ ஒரே ஒரு மாற்றத்தின்மேல் நிற்கும் நோய் என்பதால்தான் ஒரே ஒரு மாத்திரை இவ்வளவு சாதித்தது.

நம் வட்டாரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆசியர்களின் நுரையீரல் அடினோகார்சினோமாவில் ஏறத்தாழ பாதி, இஜிஎஃப்ஆர் என்ற டைரோசின் கைனேஸ் ஏற்பியின் கோளாறால் வருவது. புகை பிடிக்காத பெண்களிடம் அது அதிகம். 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில் மலேசிய, சிங்கப்பூர் நோயாளிகளும் இருந்தார்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு கெஃபிடினிப் மாத்திரை கீமோவைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது நோயை நிறுத்தி வைத்தது பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்கும் குறைவாகவே. அதே நொதிக் குடும்பம், அதே தத்துவம். ஆனால் இங்கே மணி ஒன்றல்ல, பல. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று அடிக்கத் தொடங்கும். இமாடினிப் கதையை எல்லாப் புற்றுநோய்க்கும் முன்னுரையாகப் படித்த வாசகர் இங்கே ஏமாந்துபோவார்.

விலைக்கு முகர்ஜியின் கதையில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. 2001இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலராக இருந்த இந்த மருந்தின் விலை 2012இல் 92,000 டாலரைத் தொட்டது. 2013இல் இந்நோயின் நிபுணர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கண்டித்து எழுதினார்கள். இந்தியாவில் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் 1,20,000 ரூபாய், உள்ளூர்த் தயாரிப்புக்கு 8,000 முதல் 10,000 வரை என்பது வழக்குமன்றம்வரை பேசப்பட்ட கணக்கு. 2006 ஜனவரியில் நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து நிறுவனம் போன வழக்கை 2007இல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் திறன் கூடாமல், புதுக் காப்புரிமை இல்லை என்பதே சாரம். முகர்ஜி எழுதிக்கொண்டிருந்தபோதே பாதி நடந்து முடிந்த கதை இது. உடம்புக்குள் ஒரு மூலக்கூறு போகும் பாதையை அணு அணுவாக விவரிக்கிறவர், அது நோயாளியின் வாய்வரை வந்து சேரும் பாதையை ஏன் விட்டார்? வீரர்களைப் பற்றிய கதையில் மருந்துச் சீட்டுக்கும் ரசீதுக்கும் இடமில்லை என்பதுதான் காரணம். உருவகம் எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழில் நம் நிலை என்ன? பிலடெல்பியா குரோமோசோமைக் கண்டு இரண்டு வருடத்தில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. 1982இல் 'வாழ்வே மாயம்'. இடையிலும் பிறகும் எத்தனையோ. அவற்றில் புற்றுநோய் ஒரு விதி, தியாகத்துக்கு வழிவிடும் கதவு. நம் சிறுகதைகளிலும் அது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் வந்து எல்லாரையும் அழவைத்துவிட்டுப் போகும். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்பவர், "நான் என்னா பாவம் செஞ்சேன்?" என்று கேட்பதற்கு இந்தக் கதைகளுக்கும் பங்கு உண்டு. பாவம் என்ற சொல்லும் பேரரசன் என்ற சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. யாரோ வேண்டுமென்றே செய்தது என்ற எண்ணத்தை விதைக்கின்றன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு துண்டுகள் இடம் மாறின, ஒரு கட்டளை நிற்காமல் போனது. கேட்க வறட்சியாக இருக்கிறது. ஆனால் குற்றவுணர்ச்சியோடு உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடக் கருணையான வாக்கியம் எந்தக் கதையிலும் கிடைக்காது.

ஆகவே முகர்ஜியைப் படியுங்கள். ஐந்தாம், ஆறாம் பகுதிகளை முதலில் படித்துவிட்டு முன்னால் திரும்புங்கள் என்பேன். அப்போது ஃபார்பரும் லாஸ்கரும் யாரோடு போரிட்டார்கள் என்ற கேள்வியோடு படிப்பீர்கள். புத்தகம் அந்தக் கேள்வியைத் தாங்கும், அந்த அளவுக்கு அது பெரிய புத்தகம்தான். வாப்னரையும் சேர்த்துப் படித்தால் மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் கையெழுத்துகளும் தெரியும். சென்னையில் நடந்ததை மட்டும் இரண்டு பேரிடமும் முழுக் கதையாக எதிர்பார்க்க முடியாது. அது தமிழில் எழுதப்பட வேண்டிய புத்தகம். அதை எழுதுகிறவர் தலைப்பில் ராஜாவைப் போடாமல் இருந்தால் போதும். அந்த வயர்மேன் பெரியவர் கட்டாயம் வாங்கிப் படிப்பார்.